வாய்க்குச்சி

குச்சியில் வேறு எவனுடைய பல்லோ பதிந்திருந்தது. வாயில் வாங்கின கணத்திலேயே பெங்கின் நாக்கு போய் அந்தப் பள்ளங்களைத் தடவிப் பார்த்துவிட்டது, வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற நாக்கா அது, இடப்பக்கம் ஆழமாக ரெண்டு, வலப்பக்கம் ஒன்றுமே இல்லை, ஆக இதைக் கடித்தவனுக்கு வலப்பக்கப் பல் கிடையாது, பாவம், எந்த வயலில் விழுந்து கிடக்கிறானோ, அவன் வாயிலிருந்து உருவினதைக் கழுவியாவது கொடுத்தார்களா என்று தெரியவில்லை. பதுங்கியிருக்கும்போது ஒருவனும் பேசக் கூடாது, தும்மக் கூடாது, அலறக் கூடாது என்பதற்காக ஹுவான் நாட்டுப் படையில் ஆளுக்கொரு குச்சி. குறுக்கே கடித்துக்கொள்ள வேண்டும், ரெண்டு முனையிலும் கயிறு, கயிற்றைப் பிடரியில் முடிச்சுப் போடுகிறவன் பின்னால் இருக்கிறவன். தன் முடிச்சைத் தானே போட்டால் தானே அவிழ்த்துவிடுவானாம், அதனால் அடுத்தவன். பெங்குக்குப் போட்டவன் தூன், மீன் பிடிக்கிறவன், வலை முடிச்சு மாதிரி இழுத்து இறுக்கியிருந்தான், கொஞ்சம் தளர்த்தடா என்று சொல்லலாம் என்றால் அதற்குள் வாய் போய்விட்டது. எச்சில் தாடை வழியாக ஒழுகி மார்புக் கவசத்தில் இறங்கியது. கவசம் தெற்கத்தியார் கொடுத்தது, சிவப்புப் பூச்சு, போன வருஷம் அவர்கள் பக்கம் இருந்தபோது வந்தது. இடுப்பில் தொங்கும் கத்தி வடக்கத்தியார் கொடுத்தது, அதற்கு முந்தின வருஷம் இவர்கள் பக்கம் இருந்தபோது வந்தது. போதாக்குறைக்கு முகத்தில் சதுப்புச் சேறு அப்பியாயிற்று. இந்தக் கோலத்தில் செத்துப்போனால் எந்த ராஜ்யத்துக் குழியில் போடுவார்கள் என்று நேற்று ஹாவ் அண்ணன் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், பெங்கும்தான் சிரித்தான். இப்போது சிரிப்பு வரவில்லை. நாணலுக்குள் குந்தி உட்கார்ந்து முழங்கால் மரத்துப்போயிற்று, விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை, எதிரே வண்டிச்சாலை இருக்கிறது என்பது தெரிந்ததால்தான் இருக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான் கிழக்கே அந்தச் சத்தம் கேட்டது.

சக்கரச் சத்தம். முதலில் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் என்றுதான் நினைத்தான், பிறகு மூச்சை நிறுத்திக் கேட்டான், இல்லை, சக்கரம்தான், ஒரே இழுப்பாக, நீளமாக, இடையில் முறியாமல் முனகிக்கொண்டு வருகிற சக்கரம். அடப் பாவமே. அது தடத்துக்குள் ஓடுகிற சக்கரம் அல்லவா. ஹுவான் நாடு என்று பெயர்தான் நாடு, காலையில் பூட்டின மாடு பொழுது சாய்வதற்குள் வேறு ராஜ்யத்தில் சாணி போடும், அவ்வளவுதான் அகலம், வடக்கே ஒரு பெரியவன், தெற்கே ஒரு பெரியவன், மேற்கே புதிதாகக் கிளம்பின ஒருவன். எந்தக் காலத்து மன்னரோ ஒருவர் யோசித்திருக்கிறார், மதில் கட்டக் கல் இல்லை, படை வைக்கச் சோறு இல்லை, சரி, நம் வண்டியின் இருசையாவது ஒரு சாண் குறைத்துவிடுவோம் என்று. அன்றிலிருந்து ஹுவான் வண்டிக்கு ரெண்டு சக்கரமும் நெருக்கம். களிமண் சாலையில் தலைமுறை தலைமுறையாக ஓடி ஓடித் தடம் முழங்கால் ஆழத்துக்கு வெட்டிக்கிடக்கிறது, வெளிநாட்டு வண்டி வந்தால் ஒரு சக்கரம் தடத்தில் இறங்கும், மற்றது வரப்பில் ஏறிக்கொள்ளும், கடக் கடக் என்று நொண்டிக்கொண்டு வரும், அரைக் காதம் போவதற்குள் இருசு முறியும். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே சாலையோரம் போய் உட்கார்ந்ததுண்டு. இது நொண்டவில்லை. இது வழுக்கிக்கொண்டு வருகிறது. இது நம் வண்டி. கிழக்கே நம் வண்டி வருகிறதென்றால் அது என் ஊர் பாவ்லினிலிருந்துதான் வர வேண்டும், பாவ்லினில் பெண்டாட்டி ஜிங் இருக்கிறாள், மகள் ருய் இருக்கிறாள். ஐயோ, நாணலுக்குள் ஈட்டியும் வில்லுமாகப் படை மொத்தமும் உட்கார்ந்திருக்கிறதே, முரசுக்காகக் காத்துக்கொண்டு.

இரு, இரு, பதறாதே. படைத்தலைவர் இதைச் சொல்லாமல் இல்லை. மேட்டின்மேல் நின்று சொன்னார், தொண்டை கட்டின குரலில், "கிழக்கிலிருந்து வருவது மேற்கத்தியான் சுற்றி வளைத்துக் கொண்டுபோகிற தானியம். அது அவன் பாசறைக்குப் போய்ச் சேர்ந்தால் நம் தலைநகரம் பட்டினியில் சாகும். நம்ம வண்டிச் சத்தம் மாதிரி கேட்டாலும் ஏமாறாதீங்க. போன அறுவடையில நம்ம வண்டிகளைப் பிடிச்சிட்டுப் போனவன் அவன்தான். அதுலதான் ஏத்திட்டு வருவான். முரசு அடிச்சா பாயணும். ஒருத்தனும் மிஞ்சக் கூடாது." சரிதானே. நியாயம்தானே. நம் மேற்கு ஊர்களில் ஒரு வண்டி பாக்கியில்லாமல் ஓட்டிக்கொண்டு போனார்கள், இந்தப் படையில் அந்த ஊர்க்காரன் ஒருவன்கூட மிச்சமில்லை, இருக்கிறவன் எல்லாம் கிழக்குச் சீமைக்காரன், இதே தடத்தில் காலை விட்டு விழுந்து எழுந்து வளர்ந்தவன். ஆக சத்தம் ஒன்றும் நிரூபிக்காது. நம் வண்டி, அவன் தானியம். அப்படித்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும். பாவ்லின் மக்கள் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும் என்று அரசாணை, சனங்கள் ஆணையை மீறுவார்களா? ஜிங் மீறுவாளா? மீறுவாள். மீறச் சொன்னவனே நான்தானே. புறப்பட்ட அன்று கதவோரம் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னான், "மேற்கத்தியான் வர்றான்னு தெரிஞ்சா கோட்டையை நம்பி உட்கார்ந்திருக்காதே. வண்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடு." அவள் கேட்டாள், "எங்க போறது? எனக்கு இந்த ஊரைத் தாண்டி வழி தெரியாதே." "வழி எதுக்குத் தெரியணும்? சக்கரம் தடத்துல இருந்தா போதும், அதுவே என்கிட்ட கொண்டுவந்து விட்டுடும். என்ன ஆனாலும் தடத்தை விட்டு இறங்காதே." பெரிய கெட்டிக்காரத்தனம். அப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டான். வேறொரு வழியைச் சொல்லியிருக்கக் கூடாதா, சதுப்பைச் சுற்றி மீனவப்பாதை இருக்கிறதே, தூன் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறானே, அது ஏன் வாயில் வரவில்லை.

கிளம்பும்போதுகூட அவள் அழவில்லை. ருய்யைத்தான் கூப்பிட்டு, "அப்பாகிட்ட ஒரு தடவை ஒப்பிச்சுக் காட்டு" என்றாள். ஒப்பிப்பது என்றால் அதுதான், ஹுவானில் பிறந்த பிள்ளை எண்ணக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் கற்றுக்கொள்கிற பாடம். வடக்கத்தியான் வந்தால் தரையில் நெற்றி பட விழுந்து, சொல்லின் வாலை முழுங்கி, கரகரவென்று, "குதிரைக்கு எசமானே, எங்க புல்லு உங்க புல்லு" என்று சொல்ல வேண்டும். தெற்கத்தியான் வந்தால் ரெண்டு கையையும் தலைக்குமேல் குவித்து, இழுத்து, பாட்டு மாதிரி, "ஆத்துக்கு எசமானே, எங்க படகு உங்க படகு" என்று சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் கழுத்து போகும். வந்தவன் எவன் என்று கவசத்தைப் பார்த்துக் கண்டுபிடி, கண்டுபிடிக்க முடியாவிட்டால் முதலில் வடக்கு, அது பலிக்கவில்லையா, தெற்கு. ருய்க்குப் பெங்தான் சொல்லிக்கொடுத்தான். ஜிங்கைக் கல்யாணம் பண்ணின புதிதில் அவள் தெற்கத்திப் பேச்சில் இழுப்பதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தான், "நீ இழுக்கிற இழுப்புல அவன் படகே கவுந்துடும்டி" என்றான், அவள் அகப்பையால் முதுகில் ஒன்று வைத்தாள். ருய்க்கு அது விளையாட்டு. சாப்பாட்டுக்கு நடுவில் திடீரென்று விழுந்து கும்பிடுவாள், "நீ இப்ப வடக்கா தெற்கா, சொல்லு" என்பாள். "நான் ஒண்ணுமில்லம்மா, அப்பா" என்பான் பெங். "அப்பான்னா சோறு குடு." எதிரில் சத்தம் கொஞ்சம் பெரிசாயிற்று. ஒரு வண்டி இல்லை, பின்னால் இன்னும் இருக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக. பேச்சுக்குரல் இல்லை. மாட்டை அதட்டுகிற குரல்கூட இல்லை. படைவீரன்தான் இப்படிச் சத்தம் போடாமல் வருவான். பயந்தவனும்தான் வருவான். சனியன் பிடித்த பனி, கொஞ்சம் விலகித் தொலைத்தால் என்ன.

கத்தினால் என்ன? இடுப்பில் கத்தி இருக்கிறது, கன்னத்தோடு ஒட்டிக் கயிற்றை அறுக்கலாம், ஒரு கத்து, ஜிங், திரும்பிப் போ, அவ்வளவுதான், தலை போகட்டும், யாருக்கு வேண்டும் இந்தத் தலை. ஆனால் ஒரு தலையோடு முடிகிற கணக்கா இது. ஐந்து பேர் ஒரு கட்டு. ஒருவன் வாய் திறந்தால் ஐந்து பேர் கழுத்து, முரசுக்கு ஒருவன் எழாவிட்டால் ஐந்து பேர் கழுத்து, அதிலும் பெங் கட்டுக்குத் தலைவன். பெங், தூன், ஹாவ் அண்ணன், இந்தப் பக்கம் ஷீ வீட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேர், ஒரே போர்வைக்குள் தூங்குகிறவர்கள். வசந்தகாலத்தில் பக்கத்துக் கட்டைச் சேர்ந்த ஒருவன் தாகம் தாங்காமல் ஓடைக்குப் போனான், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான் அந்த முட்டாள், ஓடியிருந்தால்கூடத் தேவலை, அவனையும் மற்ற நாலு பேரையும் வரிசையாக மண்டியிட வைத்தார்கள். நாலாமவன் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தான், "நான் என்ன பண்ணேன், நான் தூங்கிட்டுதானே இருந்தேன்." அந்தக் குரல் இன்னமும் போகவில்லை. ஹாவ் அண்ணனுக்கு இருமல். இப்போதுகூட இருமலை முழுங்குகிறார், தோள் குலுங்குகிறது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சேற்றில் கோடு போடுகிறது, மூச்சு முட்டிச் செத்தாலும் இருமமாட்டார், எதற்கு? பெங்குக்காக, தூனுக்காக, அந்தப் பையன்களுக்காக. அந்த மனுஷன் இருமலை அடக்குகிறார், நான் என் பெண்டாட்டிக்காகக் கத்தி ஐந்து பேரைக் கொல்லட்டுமா? கொல்லலாம். ஜிங்குக்காகக் கொல்லலாம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது, அப்படித் தோன்றியதில் வெட்கமும் வரவில்லை. ஆனால் வருவது ஜிங் இல்லையென்றால்? கத்தின சத்தத்தில் மேற்கத்தியான் உஷாராகி, தானியம் போய்ச் சேர்ந்து, தலைநகரம் விழுந்து, அப்புறம் பாவ்லின் மட்டும் நிற்குமா? கத்தினாலும் அவள் சாவாள், கத்தாவிட்டாலும் சாவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவன் நிற்கிறான், நாட்டுக்குத்தான் அந்தத் தலையெழுத்து என்றால் எனக்குமா.

தலையைத் திருப்பக் கூடாது, திருப்பினான். தூன் பின்னால் குந்தியிருந்தான். உனக்குக் கேட்கிறதா என்று கண்ணாலேயே கேட்டான். தூன் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, குச்சி கடித்தவன் முகமெல்லாம் ஒரே முகம்தான், உதடு ரெண்டு பக்கமும் இழுபட்டுச் சிரிக்கிற மாதிரி இருக்கும், உள்ளே சிரிக்கிறானா சாகிறானா யாருக்குத் தெரியும். தூனுக்கும் அம்மா இருக்கிறாள் பாவ்லினில். ஷீ வீட்டாருக்கும் ஆள் இருக்கிறது. இவர்களுக்குக் காது இல்லையா? கேட்டிருந்தால் இப்படிக் கல்லாக உட்கார்ந்திருப்பார்களா? ஒருவேளை நான் மட்டும்தான் கற்பனை பண்ணுகிறேனோ. ராத்திரிச் சோறு இல்லை, தூக்கம் இல்லை, காது எதைக் கேட்க ஆசைப்படுகிறதோ அதைக் கேட்கிறது. ஆசையா இது? சத்தம் நெருங்கிவிட்டது. முனகலுக்கு நடுவில் இப்போது இன்னொன்று, ணங், ணங், வண்டிக்குப் பின்னால் கட்டின பானையில் மூடி மோதுகிற சத்தம். ஜிங் அப்படித்தான் கட்டுவாள், மூடியைத் தனியாகக் கட்டு என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான் கட்டுகிறார்கள். படைக்காரனும் பானை வைத்திருப்பான், அவனும் சோறு தின்கிறவன்தானே. நம் வண்டியைப் பிடித்தவன் நம் பானையையும் பிடித்திருப்பான். பிடித்திருக்கட்டும், கடவுளே, எல்லாவற்றையும் அவனே பிடித்திருக்கட்டும், வருகிறவன் மேற்கத்தியானாக இருக்கட்டும், வண்டி நிறைய எதிரியாக இருக்கட்டும். பெங் பல்லால் குச்சியை நெரித்தான், செத்தவனின் பள்ளத்துக்குப் பக்கத்தில் தன் பல்லும் இறங்குவது தெரிந்தது. கை கத்திப் பிடிக்குப் போயிற்று. அறு. இப்போதே அறு. ஹாவ் அண்ணன் தோள் மறுபடி குலுங்கிற்று, பெங்கின் கை நின்றது, இன்னும் ஒரே ஒரு மூச்சு பொறுத்துப் பார்ப்போம், அடுத்த ணங் கேட்டதும் தீர்மானம் பண்ணுவோம், கேட்டது, இன்னும் ஒன்று பார்ப்போம் என்றது மனசு, அந்த இன்னும் ஒன்றுக்குள் முரசு அடித்துவிட்டது.

எப்படி எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. மரத்துப்போன கால், எழாது என்றுதான் நினைத்தான், ஆனால் முரசு வயிற்றுக்குள் அடித்தது, எழாவிட்டால் ஹாவ் அண்ணன் கழுத்து, தூன் கழுத்து, நான் தூங்கிட்டுதானே இருந்தேன் என்கிற அந்தக் குரல், அது தூக்கி நிறுத்தியது. நாணலைக் கிழித்துக்கொண்டு ஈட்டியோடு பாய்ந்தான், கண்ணை மூடிக்கொண்டுதான் ஓடினான், சாலையில் கால் பட்டதும்தான் ஏதோ சரியில்லை என்று உறைத்தது. தன் காலடிச் சத்தம் தனியாகக் கேட்டது. ஒரு படை பாய்கிற சத்தம் எங்கே? திரும்பினான். நாணல் அசையவில்லை. அவன் கிழித்த வழியில் தூன் தெரிந்தான், ஹாவ் அண்ணன் தெரிந்தார், ஷீ வீட்டார் தெரிந்தார்கள், எல்லாரும் குந்தின குந்தலில், மடியில் ஈட்டி, வாயில் குச்சி, அவனையே பார்த்துக்கொண்டு. அவர்களுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரிந்தவரை ஒருவனும் எழவில்லை, ஒரு அம்பும் பறக்கவில்லை. எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எழுந்தது அவன் ஒருவன். மேட்டில் முரசு அடித்துக்கொண்டே இருந்தது, முதலில் கட்டளையாக, அப்புறம் கோபமாக, அப்புறம் என்ன செய்வதென்று தெரியாதவன் அடிக்கிற மாதிரி.

பனிக்குள்ளிருந்து முதல் வண்டி வந்தது, ரெண்டு சக்கரமும் தடத்தில், மாடு இல்லை, நுகத்தில் மாட்டுக்குப் பதில் ஜிங். இளைத்துவிட்டிருந்தாள், தோள் துணி கிழிந்து ரத்தமாக இருந்தது. வண்டிக்கு மேலே மூட்டைகளுக்கு நடுவில் ருய். ஈட்டியோடு எதிரே நிற்கிறவனைப் பார்த்ததும் ஜிங் நுகத்தைக் கீழே போட்டாள், பிள்ளையை இறக்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள், சேற்று முகத்தை, சிவப்புக் கவசத்தை, இடுப்புக் கத்தியை. அவள் கண் கவசத்துக்கும் கத்திக்கும் போய்ப் போய் வந்தது. முகத்துக்கு வரவே இல்லை. தரையில் விழுந்து, நெற்றி மண்ணில் பட, சொல்லின் வாலை முழுங்கி, "குதிரைக்கு எசமானே, எங்க புல்லு உங்க புல்லு" என்றாள். பெங் அவள் பெயரைக் கூப்பிட்டான், வந்தது மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அவள் நடுங்கிப்போய் எழுந்து முழங்காலில் நின்று, கையைத் தலைக்குமேல் குவித்து, இழுத்துப் பாடினாள், "ஆத்துக்கு எசமானே, எங்க படகு உங்க படகு." சரியாகத்தான் இழுத்தாள், ஒரு பிழை இல்லை. பெங் ஈட்டியைப் போட்டுவிட்டு, கத்தியை உருவினால் இன்னும் பயந்துபோவாள் என்று, ரெண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோய் முடிச்சைத் தேடினான், முதுகிலிருந்து எதையோ உருவப்போகிறான் என்று அவள் பிள்ளைமேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அம்மாவின் கக்கத்துக்குக் கீழேயிருந்து ருய் தலையை நீட்டி அவனைப் பார்த்தாள்.

"ரெண்டும் சொல்லியாச்சே அம்மா, இவங்களுக்கு எதைச் சொல்லணும்?"

நகம் பெயர்ந்தது, தூன் முடிச்சை இறுகத்தான் போட்டிருந்தான்.